குறைக்க வேண்டாத ஆள்

எங்கள் கடைத் தராசில் அரிசிக்கு அடுத்தபடியாக அதிகம் ஏறி இறங்கியவன் வன்னியபெருமாளாகத்தான் இருக்கும். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் என் அரிசி மொத்தக் கடை இருக்கிறது. வாசலை ஒட்டி ஒரு மின்தராசு. பகலில் அதில் மூட்டை ஏறும். ஓணம் நெருங்கிவிட்டால் சாயங்காலங்களில் மனிதர்கள் ஏறுவார்கள், சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. குறையாது என்று நானும் சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்டபாடில்லை.

இவர்கள் வடம்வலிக்காரர்கள். இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் ஒரு கயிறு. அவ்வளவுதான் விளையாட்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து வருகிற என் சொந்தக்காரர்கள், கயிறு இழுக்கிறதுக்கா இவ்வளவு கூட்டம் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாட்டைப் பிடிப்பதற்கு எதற்கு அவ்வளவு கூட்டம் என்று நான் யாரையும் கேட்டதில்லை. திருவனந்தபுரத்தைச் சுற்றி ஓணக் காலத்தில் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு மைதானத்தில் வடம்வலி இருக்கும். பணம் கொடுப்பார்கள், ஆட்டுக்கடா கொடுப்பார்கள், இரண்டு பேர் தூக்க வேண்டிய ஏத்தன் வாழைக்குலை கொடுப்பார்கள். ஆனால் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் தராசில் ஏற வேண்டும். ஏழு பேரின் எடையும் சேர்ந்து நானூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் தெருச் சுமைக்காரர்கள் ஒரு அணி வைத்திருந்தார்கள். எல்லாரும் யூனியன் நீலச் சட்டைக்காரர்கள், பாதித் தமிழர், பாதி மலையாளி. அணியை நடத்துகிறவன் சஜி. கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். முழங்கால் போகும்வரை அவனும் இழுத்தவன்தான். இப்போது கயிற்றின் ஓரமாகக் குனிந்து ஓடிக்கொண்டே எப்போது இழுக்க வேண்டும், எப்போது பிடித்து நிற்க வேண்டும் என்று கூவுவான். அதைவிட முக்கியமான வேலை அவனுக்கு எடைக் கணக்கு. நீ அறுபத்திரண்டு, நீ அறுபத்தைந்து, நீ அறுபது என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு எடை சொல்வான். சொன்ன எடைக்கு அவன் வந்தாக வேண்டும். போட்டிக்கு முந்தின வாரம் இவர்கள் பகல் முழுக்க லாரியிலிருந்து அரிசி இறக்குவார்கள், மதியம் ஒரு வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு என் கடை அரிசியை முறைத்துப் பார்ப்பார்கள். பாவமாகத்தான் இருக்கும்.

வன்னியபெருமாளுக்கு மட்டும் சஜி எடை சொல்வதில்லை.

"அண்ணனுக்கு ஒண்ணும் குறைக்கண்டா" என்பான். குறைக்க வேண்டாம் என்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

பெருமாளுக்கு அதில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். அவன் வாயைத் திறந்து தற்பெருமை பேசுகிறவன் இல்லை. ஆனால் மற்றவர்கள் வெள்ளரிக்காய் கடிக்கும்போது அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற விதத்தில் அது தெரியும். வீட்டில் மனைவி உலகம்மாளிடம் சொல்லியும் இருக்கிறான். ஏழு பேரில் ஒருவனைப் பார்த்துத்தான் நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே வா என்று சொல்கிறார்கள், அந்த ஒருவன் நான் என்று. உலகம்மாள் நாலு கடை தள்ளி ஒரு சைவ ஹோட்டலில் மாவாட்டி இட்லி அவிக்கிறவள். அவள் அதை என் மனைவியிடம் சொல்ல, எனக்கு வந்து சேர்ந்தது. சாலையில் ஒரு விஷயம் ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் அதை நினைக்காமல்தான் இருக்க வேண்டும்.

அவன்தான் அணியின் கடைசி ஆள். கயிற்றின் நுனியைக் கக்கத்தில் கொடுத்து முதுகில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து கிடப்பவன். முன்னால் இருக்கிற ஆறு பேரும் சோர்ந்தாலும் அவன் சோரக் கூடாது. அந்த இடத்துக்கென்றே பிறந்தவன் மாதிரி இருப்பான். அவனுடைய அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே மூட்டை தூக்க வந்தவர். பெருமாள் பிறந்தது, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது, கல்யாணம் பண்ணியது எல்லாம் இந்தத் தெருவின் பின்சந்தில்தான். ஒருமுறை லாரியின் பின்கதவு கொக்கி கழன்று மேலடுக்கு மூட்டைகள் சரிந்தபோது தோளைக் கொடுத்து நிறுத்தி, மற்றவர்கள் விலகும்வரை நின்றான். பிறகு டீ குடிக்கப் போய்விட்டான். அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை.

அதே மனிதன்தான் சங்கரன்கோவில் பஸ்ஸுக்குத் தம்பானூர் ஸ்டாண்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்பவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பான், மறுபடி வருவான். மகளுக்குப் பரீட்சை என்றால் இவனுக்கு வயிறு கலங்கும். மகள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒரு காரியம் வந்துவிட்டால் அவனுக்குப் பயமே கிடையாது. வரப்போகிறது என்றால்தான் ஆள் பாதியாகிவிடுவான்.

வடம்வலி என்றால் கேட்கவே வேண்டாம். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போதே அவனுக்குச் சோறு இறங்காது. தட்டில் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவான். இரவு தூங்க மாட்டான். போட்டியன்று காலையில் மைதானத்தில் வண்டி நின்றதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆ, சொல்லு, சொல்லு" என்றபடி மறைவாக எங்காவது நடப்பான். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் கண் சிவந்து, ஏலக்காய் மென்றுகொண்டு திரும்பி வருவான். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் வாந்தி எடுப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு உள்ளங்கையில் கயிறு பட்டதும் எல்லாம் போய்விடும். ஒரு நொடி முன்னால்வரை நடுங்கிய கையா இது என்று இருக்கும்.

பத்துப் பதினைந்து வருஷமாக இப்படித்தான். இது யாருக்கும் தெரியாது என்று அவன் நினைத்திருந்தான். அணி முழுக்கத் தெரியும். ஏலக்காய் வாசனை ஊரைக் கூட்டாதா? ஆனால் ஒருவனும் வாய் திறந்ததில்லை. பாவம், அறிந்ததாகக் காட்ட வேண்டாம் என்று சஜி முதலிலேயே சொல்லி வைத்திருந்தான். முதுகில் மூட்டை சுமக்கிறவர்களுக்கு ஒருவருடைய கௌரவத்தையும் சிந்தாமல் சுமக்கத் தெரிகிறது. அந்த அளவில் நல்லதுதான்.

ஆனால் சஜி அதோடு நிற்கவில்லை. எடைக் கணக்குப் போடுகிறவன் அல்லவா. வியாழக்கிழமை என் தராசில் எழுபத்தெட்டு காட்டுகிற பெருமாள், ஞாயிற்றுக்கிழமை மைதானத்துத் தராசில் எழுபத்தாறுதான் காட்டுவான். தவறியதே இல்லை. இரண்டு மூன்று போட்டியில் இதைக் கவனித்த சஜி, அந்த இரண்டு கிலோவை முன்கூட்டியே கழித்துவிட ஆரம்பித்தான். வியாழக்கிழமை மொத்தம் நானூற்று ஐம்பத்தேழு வந்தால் சஜிக்கு நிம்மதி. மீதி இரண்டைப் பயம் பார்த்துக்கொள்ளும். குறைக்க வேண்டாம் என்று அவன் பெருமாளிடம் சொன்னதன் அர்த்தம் இதுதான். தராசு என்னுடையது என்பதால் எனக்கும் தெரியும். பெருமாளுக்கு மட்டும் தெரியாது.

போன கர்க்கடக மாத, அதாவது நம் ஆடி மாத, மழையில் ஜானவி என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பெண். விளையாட்டு உளவியல் படிக்கிறாளாம். போட்டிக்கு முன்னால் ஆட்டக்காரர்களுக்கு வரும் பதற்றத்தைப் பற்றி ஆராய்ச்சி. கிரிக்கெட்டையும் ஓட்டத்தையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள், வடம்வலியை யாரும் எழுதவில்லை என்றாள். மூளைக்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன்.

அவள் அணி முழுவதையும் உட்கார வைத்துக் கேட்டாள். போட்டிக்கு முன்னால் பயம் வருமா, தூக்கம் கெடுமா, வயிறு புரட்டுமா என்று. ஏழு பேரும் அப்படியெல்லாம் கிடையாது என்றார்கள். அதிலும் உரத்து இல்லை என்றவன் பெருமாள். அவன் பக்கத்தில் இருந்தவன் கூரையைப் பார்த்தான். எல்லாரும் போன பிறகு, துண்டை விட்டுவிட்டேன் என்று பெருமாள் மட்டும் திரும்பி வந்தான். துண்டு அவன் தோளிலேயே இருந்தது.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பேசினால் வெளியே கேட்காது என்பது அவன் நம்பிக்கை. கல்லாவில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. இத்தனை வருஷத்தையும் அவளிடம் கொட்டித் தீர்த்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் இந்தப் பயம் போய்விட வேண்டும். ஒரே ஒரு தடவையாவது, மனிதனைப் போல ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டத்தோடு எதற்கு இழுக்கிறீர்கள், பரிசுக்கா, பேருக்கா என்று அவள் கேட்டாள். எனக்கும் அதற்கு விடை தெரியாது என்பதால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மூட்டைய அவனவன் தனியாத்தான் சொமக்கணும் மேடம்" என்றான் கடைசியில். "கயிறு அப்பிடி இல்ல. ஏழு பேருக்கும் ஒரே பாரம். அதுக்காக்கும்."

அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. பயம் எப்போது போகும் என்று கேட்டாள். கையில் கயிறு வந்ததும் என்றான். அவள் படித்தவள், அந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா கயித்தை முன்னாடியே கையில வெச்சுக்கோங்கோளேன்" என்றாள். "பயத்தை விரட்டாதீங்கோ. வந்தா வரட்டும், அதுபாட்டுக்கு இருக்கட்டும். கயித்துத் துண்டைப் பிடிச்சுண்டு மூச்சை மெதுவா விடுங்கோ. தினம் பண்ணுங்கோ, போட்டி அன்னைக்கு மட்டும் பண்ணினா பலிக்காது."

பழைய வடத்திலிருந்து ஒரு முழம் வெட்டி அவன் மடியில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து பெருமாளைக் கயிறு இல்லாமல் பார்க்கவில்லை. டீக்கடையில் ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் கயிறு. லாரிக்குக் காத்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்தபடி மூச்சு விடுவான். ராத்திரி அதைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறான், பாம்பைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கிற மாதிரி இருக்கிறது என்று உலகம்மாள் என் மனைவியிடம் குறைப்பட்டாள். குறை சொன்னாளே தவிர, ஆள் இப்போது தூங்குகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று என் மனைவி இன்னும் சொல்வாள்.

அந்த வருஷத்து முதல் போட்டி நெடுமங்காட்டுக்கு அப்பால் ஒரு கிளப் மைதானத்தில். வியாழக்கிழமை தராசில் ஏறினார்கள். பெருமாள் எழுபத்தெட்டு. மொத்தம் நானூற்று ஐம்பத்தேழு. சஜி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை என் டெம்போவில்தான் போனோம். கடை விடுமுறை என்பதால் நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஏழு பேர், எட்டாவதாக மாற்று ஆள் விஜய்குமார். இரும்புக் கடையில் வேலை, முப்பது வயசுக்காரன், நல்ல பயல். ஆனால் ஒன்பது கிலோ குறைவு, கடைசி ஆளாக நின்று பழக்கமும் இல்லை. பேரூர்க்கடை தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்னாலிருந்து தட்டல். பெருமாள் இறங்கி ஒரு சாயாக்கடைக்குள் போனான். போன் காதில் இல்லை. உட்கார்ந்து புட்டும் கடலையும் சொன்னான்.

முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூட அளந்து குடித்த ஆறு பேரும் டெம்போவில் இருந்தபடி அவனைப் பார்த்தார்கள். ஒரு குழல் புட்டு முடிந்து இரண்டாவது வந்தது. இரண்டு பாளையங்கோட்டன் வாழைப்பழத்தையும் பிசைந்தான். சஜி இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"மதி அண்ணா" என்றான். "போதும்."

"பசிக்குடே" என்றான் பெருமாள். "எத்தன வருஷத்துப் பசி தெரியுமா?" அவன் சிரித்துக்கொண்டிருந்தான். போட்டி நாள் காலையில் அவன் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன். சஜியால் வேறு என்ன சொல்ல முடியும்? குறைக்க வேண்டாம் என்று சொன்ன வாய் அல்லவா. திரும்பி வந்து ஏறிக்கொண்டு விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டான். எத்தனை தடவை போட்டாலும் அது ஒரே கணக்குத்தான்.

மைதானத்துத் தராசில் மொத்த எடை வரம்புக்கு மேல் இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. எடை பார்க்கிற கமிட்டிக்காரர் ஒரு மணி நேரம் தந்தார். அதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் பார்ப்பேன், இல்லையென்றால் அடுத்த அணி என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதச் சிரிப்பும் வருகிறது, கஷ்டமும் வருகிறது. பெருமாளும் சேர்ந்து ஏழு பேரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். புளியங்காயை வாயில் வைத்துக்கொண்டு எச்சிலைத் துப்பினார்கள். மூன்று பேர் எதிரிலிருந்த சவரக்கடையில் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று பேர் முடியும் சேர்ந்து ஒரு கைப்பிடி அரிசி தேறாது, அதை யாரிடம் சொல்வது? மறுபடி ஏறினார்கள். இன்னும் முக்கால் கிலோ கூடுதல். ஏற்கெனவே உலர்ந்து கிடந்தவர்களிடம் இனி வடிய ஒன்றுமில்லை. வயிற்றில் எடை இருந்தவன் ஒருவன்தான்.

சஜி கடைசியில் அதைச் சொல்லிவிட்டான். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"அண்ணா, இன்னைக்கு சர்த்திக்கலையா?"

சர்த்தி என்றால் இங்கே வாந்தி. பெருமாள் சஜியைப் பார்த்தான். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தான். ஒருவன் முகத்திலாவது ஆச்சரியம் இருக்கும் என்று தேடியிருப்பான். மொட்டை அடித்தவன் ஒருவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டான்.

"அறியாம் அண்ணா" என்றான் சஜி. தெரியும் என்பதைத்தான் அவன் பாஷையில் அப்படிச் சொன்னான். "ஆரும் ஒண்ணும் பறஞ்சதில்ல."

"அப்போ, எனக்கு ஒண்ணும் குறைக்க வேண்டாம்னு நீ சொன்னது..."

அதை அவன் முடிக்கவில்லை. சஜி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அந்த நேரத்தில் பெருமாள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷமாக அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த விதம்தான் எனக்கு நினைவு வந்தது.

அவன் கோபப்படவில்லை. நேராகப் போய் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தென்னைமரத்தடியில் குனிந்து, தொண்டையில் இரண்டு விரலை விட்டான். இருமல் வந்தது, கண்ணீர் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டுப் பார்த்தான். பதினைந்து வருஷமாகக் கேளாமலே வந்தது கேட்டபோது வரவில்லை. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது. பின்னால் ஜானவியிடம் இதைச் சொன்னபோது, எடைக் கணக்கு என்று ஒன்று இருப்பதாக என்னிடம் யாருமே சொல்லவில்லையே என்று அழாத குறையாகச் சொன்னாள். யார் சொல்வது? தெரிந்தவர்களெல்லாம் தெரியாததாகக் காட்டிக்கொள்வதில் மும்முரமாக இருந்தோம்.

நேரம் முடிந்தது. பெருமாளே வந்து பூட்ஸைக் கழற்றினான். விஜய்குமாரைக் கடைசியில் நிறுத்து என்றான் சஜியிடம். தராசு ஒத்துக்கொண்டது. அணி உள்ளே போனது, பெருமாள் கயிற்று வேலிக்கு வெளியே எங்களோடு நின்றான்.

விஜய்குமார் வடத்தைப் பார்க்காமல் டெம்போவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி இடத்தில் நிற்கப் போகிறோம் என்று அவன் அன்று காலையில் கனவுகூடக் கண்டிருக்க மாட்டான். அதைப் பார்த்த பெருமாள் வேலியோரமாக அவனைக் கூப்பிட்டு, மடியிலிருந்து கயிற்றுத் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

"இதப் பிடிச்சிக்கோ. மூச்ச மெதுவா விடு. பயம் வந்தா ஒண்ணும் இல்லடே, எனக்கும் வரும்."

எனக்கும் வரும் என்று அவன் பிறர் காதுபடச் சொன்னது அதுதான் முதல் தடவை. விஜய்குமார் வாங்கிக்கொண்டு போனான்.

முதல் இழுப்பு எங்களுக்கு வந்தது. இரண்டாவதில் எதிரணிக்குப் போனது. மூன்றாவதற்கு இரண்டு பக்கமும் கயிற்றை எடுத்துத் தயாராக நின்றபோதுதான் பக்கத்தில் பெருமாள் நடுங்குவதைக் கவனித்தேன். இரண்டு கையும் வேலிக் கயிற்றைத் தேடின, அது நூல் மாதிரி தொளதொளவென்று ஆடியது. இழுக்கிறவனுக்குக் கொஞ்ச நேரத்தில் வடம் கைக்கு வந்துவிடும். வெளியே நிற்கிறவனுக்கு அது வரவே வராது அல்லவா. விசில் ஊதினார்கள். பெருமாள் அப்படியே குனிந்து, அத்தனை பேருக்கு நடுவில், புட்டையும் கடலையையும் பழத்தையும் கக்கினான். போனும் இல்லை, மறைவும் இல்லை. நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு நடுவிலும் தலையைத் தூக்கி விஜய்குமாரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது கொஞ்ச நேரம் முன்னால் வந்திருந்தால் முக்கால் கிலோ போயிருக்கும்.

விஜய்குமார் நன்றாகத்தான் நின்றான். முடிவில் குதிகால் ஒரு சாண் வழுக்கியது. அவ்வளவுதான், வடம் போய்விட்டது. தோற்ற அணிகளுக்கான ஆட்டத்தில் ஜெயித்து மூன்றாம் பரிசாக ஒரு ஏத்தன்குலை கிடைத்தது.

திரும்பி வரும்போது நானும் பின்னால்தான் உட்கார்ந்தேன். குலை நடுவில் கிடந்தது, சுற்றிலும் மூன்று மொட்டைத் தலையோடு எல்லாரும். பாதிப் பழம் பழுத்திருந்தது. பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பெருமாளும் வெறும் வயிறு. அவனும் ஒரு பழத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, உரிக்காமல் கொஞ்ச தூரம் வந்தான். அடுத்த ஞாயிறு வெஞ்ஞாறமூட்டில் போட்டி இருந்தது. பெருமாளிடம் வருகிறாயா என்று கேட்கிற யோக்கியதை எங்கள் ஒருவருக்கும் இல்லை.

வட்டப்பாறை தாண்டியிருப்போம்.

"சஜி" என்றான் பெருமாள். "எனக்கப் பயத்த இனிமே நீ கணக்குல கூட்டாத. அது வந்தாலும் வரும், வராட்டியும் வராது. எல்லாருக்கும் சொல்லுத மாதிரி எனக்கும் ஒரு எடை சொல்லு. நான் சோறு குறைச்சிக்கிடுதேன்."

சஜி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்தான் என்று நினைக்கிறேன், டெம்போவில் தூசியும் உண்டு.

"எழுபத்தாறு" என்றான். அண்ணா என்று அவன் சேர்த்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான்.

"சரி" என்றான் பெருமாள். கையிலிருந்த பழத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, எதிரில் இருந்த விஜய்குமாரிடம் கொடுத்தான். விஜய்குமார் அதை வாங்கிக்கொண்டு, கயிற்றுத் துண்டைத் திருப்பிக் கொடுத்தான்.